ஒரு மில்லிவாட் கேட்ட இடத்தில் ஐந்து வாட்

கேள்வி: ஐயா, நான் தூத்துக்குடியில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கிறேன். என்னிடம் 5 வாட் திறனுள்ள எஸ்.டி.ஆர். (கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ஒன்று இருக்கிறது, 30 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். அதோடு 144 மெகாஹெர்ட்ஸுக்கான பழைய டிரான்ஸ்வெர்ட்டர் (ரேடியோவின் அலைவரிசையை வேறு பட்டைக்கு மாற்றித் தரும் பெட்டி) ஒன்றை வாங்கி, ரேடியோவின் ஆண்டெனா சாக்கெட்டிலிருந்து ஒரே கேபிளில் இணைத்தேன். ரேடியோ பக்கத்தில் அதன் இடைநிலை அலைவரிசை 28 மெகாஹெர்ட்ஸ். 1 மில்லிவாட் கொடுத்தால் 20 வாட் தரும் என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. மென்பொருளில் டிரைவ் அளவை (ரேடியோ வெளியே தரும் வலிமையை) மிகவும் குறைத்தே வைத்திருந்தேன். முதல் நாள் 18 வாட் வந்தது. இரண்டு வாரம் கழித்து 2 வாட்தான் வருகிறது. ரிசீவும் மந்தமாகிவிட்டது, திரையில் −68 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 ஆகக் கொண்ட டெசிபல் அளவு) காட்டிய ரிப்பீட்டர் (கேட்டதை மறு ஒலிபரப்புச் செய்யும் நிலையம்) இப்போது −78 காட்டுகிறது. நடுவில் ஒருநாள் மென்பொருளில் உள்ள 'டியூன்' பொத்தானைத் தொட்டதாக நினைவு. ரிப்பீட்டர் தன் இடத்திலிருந்து 2.9 கிலோஹெர்ட்ஸ் மேலே தெரிகிறது, மாலைக்குள் இன்னும் நகர்கிறது. போதாததற்கு, வாட்டர்ஃபால் திரையில் சுமார் 70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாகக் கோடுகள் ஊர்கின்றன. ரேடியோவின் பின்புறம் தனி ரிசீவ் சாக்கெட் ஒன்று இருக்கிறது, அதை நான் பயன்படுத்தவில்லை. ஆர்.எஸ்.-44 செயற்கைக்கோள் வழியாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை. இந்த டிரான்ஸ்வெர்ட்டரை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

பதில்: நண்பருக்கு வணக்கம்.

விற்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. −68, −78 என்று இரண்டு எண்களைக் குறித்து வைத்தீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு. இப்படி எழுதுபவர்களில் பெரும்பாலோர் 'முன்பு நன்றாகக் கேட்டது, இப்போது கேட்கவில்லை' என்று மட்டுமே எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தப் பழுதையும் துரத்த முடியாது. உங்கள் எண்களை வைத்துத் துரத்தலாம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்து, பழுது நீங்கி, கீழே சொல்லும் அட்டென்யூயேட்டரை (வலிமையைக் குறைக்கும் ரெசிஸ்டர் தொகுதி) பொருத்தும்வரை, அந்தப் பெட்டியை ஆண்டெனாவில் இணைத்து ஒரு முறைகூட டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். காரணம் உங்கள் பெட்டியின் பாதுகாப்பு மட்டும் அன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 18 வாட் 2 வாட் ஆவது ஒன்பதில் ஒரு பங்கு. டெசிபலில் அது 9.5. ரிசீவில் நீங்கள் இழந்தது 10. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆண்டெனா பக்கத்து ப்ரீஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்கும் பகுதி) எரிந்திருந்தால் ரிசீவ் மட்டும் செத்திருக்கும். 18 வாட் 18 வாட்டாகவே இருந்திருக்கும். வெளியீட்டு ஆம்ப்ளிஃபையர் போயிருந்தால் ரிப்பீட்டர் −68-இலேயே நின்றிருக்கும். இரண்டும் சமமாகக் குறைந்திருக்கின்றன என்றால், இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஓர் இடத்தில் அடி விழுந்திருக்கிறது. உங்களுடையதைப் போன்ற பழைய டிரான்ஸ்வெர்ட்டர்களில் பொதுவாக இருப்பவை நான்கு: 116 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், அதைக் கலந்து 28-ஐ 144 ஆகவும் 144-ஐ 28 ஆகவும் மாற்றும் டையோடு மிக்ஸர், அதை அடுத்துள்ள ஃபில்டர், 28 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ரிலே. ஃபில்டர் தானாகக் கெடாது. மீதி மூன்றில் என் சந்தேகம் முழுவதும் மிக்ஸர் மீதுதான்.

ஏன் என்றால் அந்த 'டியூன்' பொத்தான்.

பல எஸ்.டி.ஆர். மென்பொருள்களில் பேச்சுக்கான டிரைவ் அளவு வேறு, டியூன் செய்வதற்கான அளவு வேறு. நீங்கள் முதலாவதைக் குறைத்தீர்கள். இரண்டாவது தன் பழைய இடத்திலேயே இருந்திருக்கும். பொத்தானைத் தொட்ட அந்த நொடியில் ரேடியோ தன் முழு 5 வாட்டையும் கேபிளில் தள்ளியிருக்கும். 5 வாட் என்பது 37 டிபிஎம். பெட்டி கேட்டது 0 டிபிஎம். ஐயாயிரம் மடங்கு. சாதாரண டையோடு வளைய மிக்ஸர் 50 மில்லிவாட் வரைதான் தாங்கும் என்று அதைச் செய்தவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். அதைப் போல் நூறு மடங்கு அதன் வாசலுக்குப் போயிருக்கிறது. நான்கு டையோடில் ஒன்றோ இரண்டோ போனால் மிக்ஸர் முழுவதும் சாகாது. நொண்டியபடி வேலை செய்யும். நீங்கள் காண்பது அந்த நொண்டலைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சந்தேகத்தைச் சாலிடரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளலாம். கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைஸர் இப்போது பல ஹாம்களிடம் (அமெச்சூர் வானொலிக்காரர்களிடம்) இருக்கிறது; உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு நண்பரிடம் இரவல் கிடைக்கும். அதன் கேபிள் முனையில் ஒரு கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துக் கட்டுங்கள். சுற்றைப் பாதிக்காமல் தொட்டுப் பார்க்கும் விரல் போல அது உதவும். அளவு சுமார் 26 டெசிபல் குறைந்து தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் மிக்ஸருக்குள் ஆசிலேட்டர் நுழையும் காலில் 116 மெகாஹெர்ட்ஸைப் பாருங்கள். இவ்வகை மிக்ஸருக்கு அங்கே 7 டிபிஎம் அளவில் இருக்க வேண்டும். அது 10 டெசிபல் குறைந்திருந்தால் பழி ஆசிலேட்டர் மீது. கிரிஸ்டல் அருகிலுள்ள சுருளின் மையத்தை மெல்லத் திருப்பினாலே சரியாகிவிடலாம். அளவு சரியாக இருந்தால் அடுத்து மிக்ஸரின் 144 பக்கத்துக் காலைத் தொடுங்கள். அங்கும் 116 கொஞ்சம் கசியும். நல்ல மிக்ஸரில் அந்தக் கசிவு, ஆசிலேட்டர் காலில் பார்த்ததைவிட 40 டெசிபலாவது தாழ்ந்து இருக்கும். ஒரு டையோடு போனால் சமநிலை குலைந்துவிடும். 20 டெசிபல் வித்தியாசம்கூட இருக்காது. இதைக் கண்டால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை, மிக்ஸரை மாற்றுங்கள். அதே கால் அமைப்புள்ள புதியது கிடைக்கும், விலையும் பயமுறுத்தாது. இரண்டு சோதனையும் சரியாக வந்தால் மட்டுமே ரிலேயின் தொடுமுனைகளைப் பாருங்கள்.

ஆண்டெனாவில் டிரான்ஸ்மிட் செய்ய வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. 116 மெகாஹெர்ட்ஸ் யாருடைய இடம்? 108 முதல் 117.95 வரை விமானங்களுக்குத் திசை காட்டும் நிலையங்களின் பட்டை. சமநிலை குலைந்த மிக்ஸரின் கசிவு ஃபில்டரைத் தாண்டி, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, உங்கள் மாடியிலிருந்து அந்தப் பட்டையில் ஒலிபரப்பாகும். வாகைக்குளத்தில் விமான நிலையம் இருக்கும் ஊர் உங்களுடையது. பழுதான டிரான்ஸ்வெர்ட்டரை 'குறைந்த வாட்தானே' என்று ஓட்டுவதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம். நம் உரிமத்தின் எல்லை 144 முதல் 146 வரை. அதற்கு வெளியே போகும் ஒவ்வொரு மில்லிவாட்டுக்கும் நாம்தான் பொறுப்பு.

மிக்ஸரை மாற்றிவிட்டு, பழையபடி அதே கேபிளில் இணைத்தால் அடுத்த மாதம் இதே கடிதத்தை எனக்கு மீண்டும் எழுதுவீர்கள். ஆகவே இணைப்பைத் திருத்த வேண்டும். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால், இதைச் செய்யுங்கள்.

மென்பொருளில் உள்ள டிரைவ் அளவைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். அது ஓர் அமைப்பு மட்டுமே. மென்பொருளைப் புதுப்பித்தால் மாறும், வேறு கணினியில் திறந்தால் மாறும், கை தவறினால் மாறும். கேபிளில் உட்கார்ந்திருக்கும் ரெசிஸ்டர் மாறாது. ரேடியோவுக்கும் டிரான்ஸ்வெர்ட்டரின் டிரான்ஸ்மிட் உள்ளீட்டுக்கும் நடுவே 30 டெசிபல் அட்டென்யூயேட்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்துங்கள். 37 டிபிஎம் உள்ளே போனால் 7 டிபிஎம் வெளியே வரும், அதாவது 5 மில்லிவாட். நாளை நீங்களோ, உங்கள் மேசைக்கு வரும் விருந்தாளியோ எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மிக்ஸர் பிழைத்துக்கொள்ளும். முறையாக ஓட்டும்போது ரேடியோவை 1 வாட்டில் வையுங்கள். சரியாக 1 மில்லிவாட் போய்ச் சேரும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. எஸ்.டி.ஆரில் டிரைவைக் குறைப்பது என்பது பெரும்பாலும் எண்களைச் சிறிதாக்குவதுதான். சிக்னல் சிறிதாகும்; ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி தானாக உண்டாக்கும் இரைச்சல் அப்படியே இருக்கும். 5 வாட் ரேடியோவிலிருந்து 1 மில்லிவாட்டைப் பிழிந்தால் அந்த இரைச்சலும் சேர்ந்து 20 வாட்டுக்குப் பெருகி, பக்கத்துத் தெரு ஹாமின் காதில் போய் விழும். ரெசிஸ்டர் இரண்டையும் ஒரே அளவில் குறைப்பதால் சுத்தம் கெடுவதில்லை.

அட்டென்யூயேட்டரை வீட்டிலேயே செய்யலாம். பை (π) வடிவத்தில் இரண்டு பக்கமும் பூமிக்கு 53 ஓம், நடுவில் 790 ஓம். ரேடியோ பக்கத்து 53 ஓம்தான் ஏறத்தாழ முழுச் சூட்டையும் தாங்கும். 5 வாட் வந்தால் அதில் மட்டும் 4.7 வாட் எரியும். அங்கே 270 ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் ஐந்தை இணையாகக் கட்டுங்கள். 54 ஓம் கிடைக்கும், அது போதும். நடுவில் 680-உம் 110-உம் தொடராக, அரை வாட் போதுமானது. மறுபக்கம் கால் வாட்டில் 51 ஓம் வைத்தால் பிழை சிறிதே. கம்பி சுற்றிய ரெசிஸ்டர் மட்டும் எங்கும் கூடாது. அது 28 மெகாஹெர்ட்ஸில் சுருளாக நடந்துகொள்ளும். சிறிய அலுமினியப் பெட்டியில், கால்களைக் குட்டையாக வெட்டி, இரண்டு சாக்கெட்டுக்கு நடுவே வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும். ஒரே கேபிளில் ரிசீவும் திரும்பி வருகிறதே, அதுவும் 30 டெசிபல் செத்துவிடுமே? ஆகவே பாதையைப் பிரிக்க வேண்டும். டிரான்ஸ்வெர்ட்டருக்குள் 28 மெகாஹெர்ட்ஸ் சாக்கெட்டிலிருந்து ரிலேக்குப் போகும் கம்பியைத் தேடுங்கள். ரிலேயின் ஒரு கால் டிரான்ஸ்மிட் மிக்ஸிங் பக்கம் போகும், மற்றொன்று ரிசீவ் பக்கத்திலிருந்து வரும். ரிசீவ் காலைத் தனியாக, மெல்லிய கோ-ஆக்ஸில் ஒரு புதிய சாக்கெட்டுக்கு எடுத்து, ரேடியோவின் பின்புறத்துத் தனி ரிசீவ் சாக்கெட்டில் இணையுங்கள். நீங்கள் பயன்படுத்தாமல் வைத்திருப்பதாக எழுதிய அதே சாக்கெட்தான். இதற்குத்தான் அது இருக்கிறது. மென்பொருளில் டிரான்ஸ்வெர்ட்டர் பட்டைக்கான பக்கத்தில் ரிசீவ் எங்கிருந்து என்று மாற்றிக்கொள்ளுங்கள். டியூன் அளவையும் அப்போதே குறைத்துவிடுங்கள்; ரெசிஸ்டர் இருந்தாலும் இரண்டாவது பூட்டு நல்லது.

அடுத்தது நேரம். உங்கள் ப்ரீஆம்ப் இதுவரை பிழைத்திருக்கிறது என்று எண்கள் சொல்கின்றன. அது தொடர வேண்டும் என்பதற்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு என்னை அழைத்தார்கள். அவர்களுடைய 144 மெகாஹெர்ட்ஸ் அமைப்பில் ப்ரீஆம்ப் டிரான்ஸிஸ்டர் அடுத்தடுத்து மூன்று முறை எரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் புதியது வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். மின்னல், ஈரம், தரமற்ற சரக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். நான் இரட்டை வழி ஆசிலோஸ்கோப்பில் ஒரு வழியில் பி.டி.டி. கம்பியையும் (பேசும் பொத்தானை அழுத்தியதைச் சொல்லும் கம்பி), மற்றொன்றில் டையோடு டிடெக்டர் வழியாக ஆர்.எஃப்.-ஐயும் (வெளியே போகும் வானொலி அலை) வைத்துப் பார்த்தேன். பி.டி.டி. விட்ட பிறகும் 30 மில்லிசெகண்டுக்கு ஆர்.எஃப். வந்துகொண்டே இருந்தது. ஆண்டெனா ரிலே அதற்குள் ப்ரீஆம்ப் பக்கம் திரும்பிவிட்டது. ஒவ்வொரு முறை பேசி முடிக்கும்போதும் அந்த வால் ப்ரீஆம்பை அடித்திருக்கிறது. பழுதான பொருளை மாற்றிக்கொண்டே இருந்தார்களே தவிர, அது ஏன் பழுதாகிறது என்று ஒருவரும் நேரத்தை அளக்கவில்லை. அந்த மேசையில் கிடந்த மூன்று டிரான்ஸிஸ்டர்களையும் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மாணவர்கள் தங்கள் பணத்தில் வாங்கியவை அவை.

பழைய ரேடியோவில் பி.டி.டி.யை விட்டால் சிக்னல் உடனே நிற்கும். எஸ்.டி.ஆரில் உங்கள் குரல் எண்களாகிக் கணினியில், கேபிளில், ரேடியோவின் நினைவகத்தில் என்று வரிசையில் நிற்கிறது. வாசலை மூடினாலும் வரிசையில் நின்றவர்கள் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே வரிசைமுறை இப்படி இருக்க வேண்டும்: அழுத்தும்போது முதலில் ஆண்டெனா ரிலே திரும்பட்டும், பிறகு டிரான்ஸ்வெர்ட்டர், கடைசியில்தான் ஆர்.எஃப். விடும்போது முதலில் ஆர்.எஃப். முழுவதும் நிற்கட்டும், கடைசியில் ஆண்டெனா ரிலே. கோ-ஆக்ஸ் ரிலேக்கள் திரும்பி, அதிர்ந்து அடங்கப் பொதுவாகப் 10 முதல் 25 மில்லிசெகண்ட் எடுக்கும். பெரும்பாலான மென்பொருள்களில் ஆர்.எஃப். தாமதம், பி.டி.டி. விடுப்புத் தாமதம் என்று இரண்டு இடங்கள் இருக்கும். இரண்டிலும் 50 மில்லிசெகண்டில் தொடங்கி, அளந்து பார்த்துக் குறையுங்கள். டிரான்ஸ்வெர்ட்டருக்கு ரேடியோவின் பி.டி.டி. கம்பியையே கொடுங்கள். சிக்னல் வந்ததைப் பார்த்துத் தானாகத் திரும்பும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சிக்னல் வந்த பிறகு திரும்பும் ரிலே எப்போதும் பிந்தித்தான் திரும்பும்.

ஆசிலோஸ்கோப் இல்லையென்றால் கணினியின் ஸ்டீரியோ லைன்-இன் போதும். இடது வழியில் பி.டி.டி. கம்பியை 100 கிலோஓம் தொடராக வைத்தும், வலது வழியில் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாக வாட்டை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) அருகே வைத்த டையோடு டிடெக்டரையும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். அலை எடிட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் எது முதலில் எழுந்தது, எது கடைசியில் விழுந்தது என்று மில்லிசெகண்ட் கணக்கில் தெரியும்.

2.9 கிலோஹெர்ட்ஸ் விஷயம் எளிது. 144-இலிருந்து 28-ஐக் கழித்தால் 116. அந்த 116-இல் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) பிழை என்றால் சரியாக 2.9 கிலோஹெர்ட்ஸ். பழைய கிரிஸ்டலுக்கு இது இயல்பான வயோதிகம். எஸ்.டி.ஆருக்குள் இருக்கும் ஆசிலேட்டர் பொதுவாக 28 மெகாஹெர்ட்ஸில் இதைவிட மிகக் குறைவாகவே தவறும், அதை முதலில் சந்தேகிக்க வேண்டாம். ரிப்பீட்டர் மேலே தெரிகிறது என்றால் உண்மையான ஆசிலேட்டர் கீழே இருக்கிறது. மென்பொருளில் 116.0000 என்று இருக்கும் இடத்தில் 115.9971 என்று கொடுங்கள். ஆனால் ரிப்பீட்டரை வைத்து இதைச் செய்யாதீர்கள். ரிப்பீட்டரே ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800-ஐ வைத்தும் வேண்டாம். டாப்ளர் விளைவால், அதாவது நிலையம் விரைந்து நகர்வதால், அது மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருபுறமும் சறுக்கும். ஜி.பி.எஸ். பூட்டிய ஆசிலேட்டர் ஒன்றில் 48 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் அதன் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அலைவரிசை) 144.000-இல் வந்து நிற்கும். அதுதான் அளவுகோல்.

மாலைக்குள் நகர்வது சூட்டினால். பெட்டியைத் திறந்து கிரிஸ்டல் ஹீட்ஸிங்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதன் மேல் தெர்மோகோல் மூடி ஒன்றைப் போட்டு, கால் மணி நேரம் சூடாக விட்டுப் பயன்படுத்தினால் குரலில் பேசுவதற்குப் போதுமானது. ஆர்.எஸ்.-44-இன் ஏற்றப் பட்டை (நாம் அனுப்புவது) 145.935 முதல் 145.995 வரை, இறக்கம் (நாம் கேட்பது) 435.610 முதல் 435.670 வரை, நடுவில் பட்டை தலைகீழாகத் திரும்பும். டாப்ளர் ஒருபுறம் இழுக்கும்போது உங்கள் ஆசிலேட்டர் மறுபுறம் இழுத்தால் உங்கள் குரலை நீங்களே தேடிக்கொண்டிருப்பீர்கள். சில மாதங்கள் பழகிய பிறகு, 10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரத்தில் பூட்டிய 116 மெகாஹெர்ட்ஸ் பலகை ஒன்றை உள்ளே பொருத்துவது நல்ல செலவு.

செயற்கைக்கோள் ஆசையைப் படித்தபோது எனக்கு ஹாம்சாட் நினைவு வந்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ஏற்றிச் சென்ற, 42.5 கிலோ எடையுள்ள நம் நாட்டுச் செயற்கைக்கோள். 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டதை 145-இல் திருப்பி அனுப்பியது. அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்றை நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்து கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் அதுவும் உங்கள் மேசையில் இருக்கும் பெட்டியின் உறவுதான். ஒரு மிக்ஸர், ஓர் ஆசிலேட்டர், ஃபில்டர்கள். 2014 வரை அது உழைத்தது. உங்கள் பெட்டியும் உழைக்கும்.

70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக ஊரும் கோடுகளுக்கு வருவோம். டிரான்ஸ்வெர்ட்டரின் மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டுத் திரையைப் பாருங்கள். கோடுகள் அப்படியே இருந்தால் அவை 144-இல் வரவே இல்லை. 28 மெகாஹெர்ட்ஸில் உங்கள் கேபிள் வழியாக நேரடியாக நுழைகின்றன. அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் இந்த இடைவெளி ஸ்விட்ச்-மோட் அடாப்டர்களின் முத்திரை. சூடாகும்போது அவற்றின் வேகம் மாறுவதால் கோடுகள் ஊர்கின்றன. எல்லாவற்றையும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் மறக்காமல் அணைக்க வேண்டும். மெயின் போனதும் அதுவே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். கோடுகள் மறைந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். இரட்டைப் பின்னலுள்ள குட்டைக் கேபிளும், யு.எஸ்.பி. கம்பியில் ஃபெரைட் வளையமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊரின் உப்புக் காற்றில் கனெக்டர்கள் பச்சை பிடித்திருக்கும். அவற்றையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

பழுது நீங்கிய பிறகு ரிசீவ் சரியாக இருக்கிறதா என்று அறிய ஆண்டெனாவே தேவையில்லை. ஆண்டெனா சாக்கெட்டில் 50 ஓம் டம்மி லோடைப் பொருத்துங்கள். டிரான்ஸ்வெர்ட்டர் அணைந்திருக்கும்போது திரையின் இரைச்சல் தளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் போடுங்கள். தளம் 10 டெசிபல் அளவில் எழுந்தால் எல்லாம் நலம். ரேடியோவின் சொந்த இரைச்சலால் நீங்கள் இழப்பது அரை டெசிபலுக்கும் குறைவு. 3 டெசிபல் மட்டுமே எழுந்தால் பாதி உணர்திறன் போய்விட்டது, மீண்டும் மிக்ஸருக்குப் போங்கள். 20 டெசிபலுக்கு மேல் எழுந்தால் மகிழ வேண்டாம். அந்தக் கூடுதல் பெருக்கம் ஒரு புதிய நிலையத்தையும் கொண்டுவராது, வலுவான எஃப்.எம். ஒலிபரப்புகள் வரும்போது எஸ்.டி.ஆர். திணறுவதற்கு மட்டுமே அது உதவும். ரிசீவ் கேபிளில் 6 அல்லது 10 டெசிபல் அட்டென்யூயேட்டர் வைத்துச் சமன் செய்யுங்கள்.

டிரான்ஸ்மிட் சோதனையும் டம்மி லோடிலேயே. 20 வாட் என்பது 43 டிபிஎம். அனலைஸருக்கு முன்னால், அந்த வாட்டைத் தாங்கக்கூடிய 40 டெசிபல் அட்டென்யூயேட்டர் இல்லாமல் இணைக்க வேண்டாம், இரவல் கருவி வேறு. 144.200-இல் வைத்துப் பாருங்கள். 116-இலும், அதிலிருந்து 28-ஐக் கழித்தால் வரும் 88-இலும் எதுவும் தலைதூக்கக் கூடாது. 141.0-ஐயும் பாருங்கள். 28.2-இன் ஐந்தாவது ஹார்மோனிக் அது. அங்கே கோடு தெரிந்தால் மிக்ஸருக்கு இன்னும் அதிகமாகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். ரேடியோவை ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்த்தினால் அந்தக் கோடு ஐந்து கிலோஹெர்ட்ஸ் ஓடும், அதனால் அடையாளம் காண்பது சுலபம். 145.000-இல் வைத்துச் சோதித்தால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். 29-இன் ஐந்து மடங்கும் 145 என்பதால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக மறைந்துகொள்ளும். டிரான்ஸ்மிட் செய்யும்போது பெட்டியின் உள்ளேயே மின்னழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். 13.8 வோல்ட் மெல்லிய கம்பியில் 12-க்குக் கீழே இறங்கினால் வாட்டும் இறங்கும், கிரிஸ்டலும் நடுங்கும்.

மிக்ஸரின் இரண்டு கால்களிலும் பார்த்த 116 மெகாஹெர்ட்ஸ் அளவுகளையும், டம்மி லோடில் இரைச்சல் எத்தனை டெசிபல் எழுந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்த மூன்று எண்கள் வந்தால் மிக்ஸரை வாங்குவதா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்லிவிடுவேன்.